இனிப்பைக் கண்டதும் பாயுமா பாக்டீரியா?

சேலம் அம்மாபேட்டையில் ராத்திரி பாலுக்கு உறை ஊற்றும்போது சில வீடுகளில் ஒரு சிட்டிகை சர்க்கரையும் விழும். சீக்கிரம் உறையும் என்பது கணக்கு. ஒரு லிட்டர் பாலில் ஏற்கெனவே 45 முதல் 50 கிராம் வரை லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை கரைந்திருக்கிறது. அதோடு இந்தச் சிட்டிகையைச் சேர்ப்பது மேட்டூர் அணையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவதைப் போல. தயிரை உறைய வைப்பது பாலின் சூடும் உறைமோரின் வீரியமும்தான்.

சிட்டிகை போனால் போகட்டும். இனிப்பு எதுவானாலும் பாக்டீரியா ஒரே பாய்ச்சலில் தின்றுவிடும் என்று, அதற்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அதைத்தான் கவனிக்க வேண்டும்.

ஜெர்மானியர் பிடியில் இருந்த பாரிஸில், 1940ஆம் ஆண்டுவாக்கில், ழாக் மோனோ என்ற இளம் ஆய்வாளர் பாக்டீரியாவுக்கு இரண்டிரண்டு சர்க்கரைகளைக் கலந்து கொடுத்துப் பார்த்தார். சில ஜோடிகளில் வளர்ச்சிக் கோடு ஏறியது, நின்றது, மறுபடி ஏறியது. குளுக்கோஸோடு லாக்டோஸைக் கொடுத்தால், ஈ.கோலை என்ற பாக்டீரியா முதலில் குளுக்கோஸைக் காலி செய்கிறது. சற்று நேரம் சும்மா இருந்துவிட்டுத்தான் லாக்டோஸில் கைவைக்கிறது. லாக்டோஸை உடைக்கும் நொதியை அது முன்கூட்டியே செய்து அடுக்கி வைப்பதில்லை. அந்த நொதிக்கான மரபணுவின் வாசலில் ஒரு புரதம் காவலிருக்கிறது. லாக்டோஸ் உள்ளே வந்து உருமாறி அதைப் பற்றினால்தான் காவல் விலகும். மோனோவும் பிரான்சுவா ஜேக்கப்பும் இந்த ஏற்பாட்டை 1961இல் விளக்கினார்கள். 1965இல் ஆந்த்ரே லுவோஃபுடன் சேர்த்து நோபல் பரிசும் கிடைத்தது.

பாடப்புத்தகங்களுக்கும் இதில் ஒரு திருத்தம் உண்டு. குளுக்கோஸ் இருந்தால் செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சேதி மூலக்கூறு குறைந்துபோகும், அதனால்தான் லாக்டோஸ் காத்திருக்கிறது என்று மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். 1996இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, குளுக்கோஸைத் தின்னும் கட்டத்திலும் லாக்டோஸைத் தின்னும் கட்டத்திலும் அதன் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. முக்கியக் காரணம் செல்லின் வாசலில் இருக்கிறது. குளுக்கோஸ் நுழையும்போதே அதன்மேல் ஒரு பாஸ்பேட் ஒட்டப்படும். அதன்பின் அது வெளியே நழுவ முடியாது. (இந்த வழியை 1964இல் கண்டுபிடித்த மூவரில் ஒருவர் சுதாமய் கோஷ்.) தன் பாஸ்பேட்டைக் குளுக்கோஸுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையாக நிற்கும் வாசல் புரதம், பக்கத்தில் இருக்கும் லாக்டோஸ் கதவைப் பிடித்து அடைத்துவிடுகிறது.

அப்படியானால் எல்லா பாக்டீரியாவுக்கும் குளுக்கோஸ்தான் முதல் பந்தியா? அதுவும் இல்லை. யோகர்ட்டை உறைய வைக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸுக்கு லாக்டோஸ்தான் இஷ்டம். லாக்டோஸை உள்ளே இழுத்து இரண்டாக உடைத்து, குளுக்கோஸ் பாதியை வைத்துக்கொண்டு, காலக்டோஸ் பாதியைப் பெரும்பாலும் அதே கதவு வழியாக வெளியே தள்ளிவிடும்.

சர்க்கரை நோயாளிகளுக்கும் இதில் சேதி உண்டு. தயிர் புளித்துவிட்டால் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று நினைப்பது தவறு. தான் உண்டாக்கிய அமிலமே பாக்டீரியாவின் கையைக் கட்டிவிடுவதால், பால் சர்க்கரையில் பாதிக்கு மேல் பெரும்பாலும் அப்படியே மிஞ்சும்.

நாமக்கல் பக்கம், ஜேடர்பாளையம், பரமத்தி வேலூர் வட்டாரக் கரும்பாலைகளில் இன்னொரு பேர்வழி. பாகு சரியாக இறுகாவிட்டால் பழி மண்ணின் மேலோ சுண்ணாம்பின் மேலோ விழும். அவையும் காரணமாகலாம், ஆனால் வெட்டிய கரும்பு வெயிலில் கிடந்ததா என்றும் கேட்க வேண்டும். வெட்டுவாயில் லூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியா குடியேறுகிறது. இது கரும்புச் சர்க்கரையை உள்ளே இழுக்கும்வரை பொறுப்பதில்லை. நொதியை வெளியே அனுப்பி அங்கேயே உடைக்கிறது. குளுக்கோஸ் துண்டுகளைக் கோத்து டெக்ஸ்ட்ரான் என்ற பசையாக்குகிறது, பிரக்டோஸைத் தனக்கு எடுத்துக்கொள்கிறது. சாறு கொழகொழப்பது அந்தப் பசையால்தான். இந்த நொதியும் கரும்புச் சர்க்கரை எதிர்ப்பட்டால்தான் பெருமளவில் உற்பத்தியாகும்.

கரும்பாலைக்காரருக்கு வேண்டாத இந்த லூகோனோஸ்டாக் இட்லிப் பானைக்கு வேண்டப்பட்டது. மாவு பொங்குவது ஈஸ்டால் என்று பலரும் நினைத்திருக்க, எஸ்.கே.முகர்ஜியும் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலரும் 1965இல் வெளியிட்ட ஆய்வு லூகோனோஸ்டாக்கையே கைகாட்டியது. அரிசியும் உளுந்தும் ஊறும்போதே பெருகத் தொடங்கி, ஆட்டிய மாவில் கரியமில வாயுவை விட்டு, விடிவதற்குள் மூடியைத் தூக்கிவிடுகிறது.