சர்வர் அறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

அலங்காநல்லூர், பாலமேடு, வாடிப்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இப்போது சிஸ்டம் அட்மின் வேலைக்குப் போகிறார்கள். சிலருக்கு வடபழஞ்சியிலும் இலந்தைக்குளத்திலும் உள்ள ஐடி பூங்காக்களில் இடம் கிடைக்கிறது. மற்றவர்கள் ஏதாவது ஒரு மருத்துவமனையிலோ கல்லூரியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ தனியாளாக உட்காருகிறார்கள். அந்தத் தனியாட்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பெரிய கம்பெனியில் பக்கத்து நாற்காலியில் கேட்க ஒருவர் இருப்பார்; இங்கே கேட்க ஆள் கிடையாது. எதிரில் உட்கார்ந்து பேசுவதாக நினைத்து 'நீ' என்றே எழுதுகிறேன். தம்பிக்கும் சரி, தங்கச்சிக்கும் சரி.

1. சேர்ந்த முதல் மாதம் எதையும் மாற்றாதே, எழுது. எந்த சர்வரில் என்ன ஓடுகிறது, எந்தக் கேபிள் எங்கே போகிறது, வாரண்டி என்றைக்கு முடிகிறது, இணையதளப் பெயரை யார் பெயரில் வாங்கியிருக்கிறார்கள், அதற்குப் பணம் கட்டுவது யார் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள். கேபிளின் இரண்டு முனையிலும் லேபிள் ஒட்டு. ஒரு முனையில் மட்டும் ஒட்டினால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். இணையதளச் சான்றிதழ்களின் முடிவுத் தேதியையும் சேர்த்து எழுது. அவற்றின் ஆயுள் குறைந்துகொண்டே வருகிறது. 2029 மார்ச் முதல் ஒரு சான்றிதழ் 47 நாளைக்குத்தான் செல்லும். தேதியை நினைவில் வைத்துக் கையால் புதுப்பிக்கும் காலம் முடிந்தது, தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை அந்த முதல் மாதம் முடிந்ததும் செய்துவிடு.

2. பேக்கப் எடுக்கிறோம் என்று சொல்லாத அலுவலகமே இல்லை. அதிலிருந்து எதையாவது திரும்ப எடுத்துப் பார்த்தீர்களா என்று கேள், பேச்சு நின்றுவிடும்.

உலகம் முழுக்க நிரலாளர்கள் நம்பியிருந்த கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று நடந்ததைத் தெரிந்துகொள். அசதியான ஒரு நேரத்தில், இரண்டாவது டேட்டாபேஸ் சர்வரில் அழிக்க வேண்டிய கோப்புறையை முதன்மை சர்வரில் அழித்துவிட்டார் ஒரு பொறியாளர். தவறு யாருக்கும் நடக்கும். அதற்குப் பிறகு தெரியவந்ததுதான் பயங்கரம். தினமும் ஓட வேண்டிய பேக்கப், மென்பொருளின் பதிப்பு பொருந்தாமல் நெடுநாளாகத் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. அதே பொறியாளர் ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காகக் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. நடந்தது முழுவதையும் மறைக்காமல் அவர்களே வெளியிட்டார்கள். அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியூரில் என்று ஒரு கணக்கு உண்டு. பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர் தன் தொழில்காரர்களுக்குச் சொன்னது அது, இன்று நம் எல்லோருக்கும் பாடம். அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்: ஒரு நகலாவது கேபிளில் இருந்து கழற்றி வைத்ததாக இருக்கட்டும். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களைப் பணயத் தாக்குதல் முடக்கியபோது, புறநோயாளி பதிவு முதல் ஆய்வக முடிவு வரை பல நாள் கையால் எழுதினார்கள். அந்த வகைத் தாக்குதல், இணைப்பில் இருக்கும் எந்த டிஸ்க்கையும் விட்டுவைக்காது. சர்வரிலேயே செருகிக் கிடக்கும் வெளி டிஸ்க்கை பேக்கப் என்று கணக்கில் சேர்க்காதே.

மாதம் ஒருமுறை ஒரு பழைய கணினியில் முழுவதையும் திரும்ப ஏற்றிப் பார். எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துக் குறி. மேலதிகாரி "எப்போது சரியாகும்?" என்று கேட்கும்போது நீ சொல்ல வேண்டிய பதில் அந்த எண்தான்.

3. மதுரையில் கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். பாடப் புத்தகங்கள் பேசும் சர்வர் அறை வேறு, உனக்குக் கிடைக்கப்போகும் அறை வேறு. உன் அறையில் ஒரே ஒரு ஏசி இருக்கும், ஜன்னலில் அட்டை ஒட்டியிருக்கும், யூபிஎஸ் பேட்டரிகளும் அதே அறையில்தான் கிடக்கும். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்த கணக்கு. ஐந்து வருடம் வரும் என்று கடைக்காரர் சொன்னதை நம் ஊர் வெயிலுக்கு நம்பாதே. டிஸ்டில்டு வாட்டர் அளவைத் தேதி போட்டுப் பார்த்துவா. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எல்லோருக்கும் சொல்லிவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்து எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று சோதி.

யூபிஎஸ்ஸில் இருந்து சர்வருக்கு ஒரு யுஎஸ்பி கேபிள் போகும். பல இடங்களில் அது பெட்டியைவிட்டே வெளியில் வந்திருக்காது. அதைச் செருகி, 'நட்' என்ற இலவச மென்பொருளை நிறுவினால், பேட்டரி தீரும் முன் சர்வர் தானே முறையாக அணைந்துகொள்ளும். இரவு இரண்டு மணிக்கு கரண்ட் போனாலும் நீ ஓடி வர வேண்டியதில்லை.

சித்திரை, வைகாசியில் கோடை மழை இடியோடு வரும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செம்புக் கேபிள் இழுத்திருந்தால் மின்னலின் அதிர்ச்சி அதன் வழியே வந்து இரண்டு பக்கத்து சுவிட்சையும் தின்றுவிடும். கண்ணாடி இழைக் கேபிளுக்கு அந்த ஆபத்து இல்லை, அதனால் கட்டடத்துக்குக் கட்டடம் அதையே கேட்டு வாங்கு. எர்த் குழியை எலக்ட்ரீஷியனை வைத்து ஆண்டுக்கு ஒருமுறை அளந்து பார்க்கச் சொல். எலி வரும் ஓட்டைகளை அடைப்பதும் உன் வேலைதான்.

4. நம் ஊர் ஜல்லிக்கட்டில் இருந்தே ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். 2025-இல் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றுக்கும் மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் ஒரே நாளில் பதிவு நடந்தது. மொத்தம் 12,632 காளைகள், 5,347 மாடுபிடி வீரர்கள். அதில் அலங்காநல்லூருக்கு மட்டும் 5,786 காளைகள், 1,698 வீரர்கள். இதை இருபத்துநான்கு மணி நேரத்துக்குப் பங்கிட்டால் நிமிடத்துக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பதிவுதான் வரும். ஒரு சாதாரண கணினிகூடத் தாங்கிவிடும் கணக்கு.

ஆனால் சராசரியாக வருகிற ஆள் உலகத்தில் கிடையாது. கதவு திறந்த முதல் நிமிடத்தில் எல்லோரும் நிற்பார்கள், மூடும் கடைசி நிமிடத்திலும் நிற்பார்கள். அதனால் எந்தச் சேவையைத் திட்டமிட்டாலும் மிக நெரிசலான ஐந்து நிமிடத்தில் எத்தனை பேர் வருவார்கள் என்று முதலில் மதிப்பிடு. அடுத்தது பதிவோடு ஏற்றும் படங்களின் அளவு. கைபேசியில் எடுத்த ஒரு படம் 5 எம்பி என்று வைத்தால் 5,786 காளைகளுக்கு ஒரு படம் வீதமே 29 ஜிபியைத் தொடும். சர்வருக்கு வரும் முன், பயனரின் போனிலேயே படத்தைச் சுருக்கும்படி செய்துவிட்டால் நெரிசலில் பெரும்பகுதி குறையும்.

தை 3 அன்று வாடிவாசல் பக்கம் நின்றவர்களுக்குத் தெரியும், சிக்னல் காட்டினாலும் நெட் நகராது. களத்தில் இணையம் இருக்கும் என்று நம்பி எதையும் அமைக்காதே. முந்தின இரவே பட்டியலைக் காகிதத்தில் அச்சடித்து, வரிசை எண்ணோடு கையில் கொடுத்துவிடு. கணினிக்காரன் காகிதத்தை நம்பலாமா என்று வெட்கப்படாதே. 2024 ஜூலை 19 அன்று இந்தியாவின் விமான நிலையங்கள் பலவற்றில் போர்டிங் பாஸைக் கையால் எழுதித்தான் பயணிகளை ஏற்றினார்கள்.

5. அந்த நாளின் முடக்கம், பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கின் ஒரு தவறான அப்டேட்டால் வந்தது. உலகெங்கும் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்தன. எழுபத்தெட்டு நிமிடத்தில் அப்டேட்டைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனாலும் விழுந்த கணினிகள் பலவற்றை ஒவ்வொன்றாகப் போய்க் கையால்தான் எழுப்ப வேண்டியிருந்தது. டிஸ்க்கைத் திறக்கும் மீட்புச் சாவிகளை, விழுந்துகிடக்கும் இன்னொரு சர்வரிலேயே வைத்திருந்தவர்கள் தவித்துப்போனார்கள். அந்தச் சாவிகளை அச்சடித்துப் பூட்டிய அலமாரியில் வை.

இதைக் கேட்டு அப்டேட்டே வேண்டாம் என்று முடிவு செய்துவிடாதே. 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணய மென்பொருள் பரவியபோது வயநாட்டுப் பஞ்சாயத்து அலுவலகக் கணினிகள்வரை முடங்கின. அதற்கான பேட்ச் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வந்துவிட்டது. முதலில் உன் கணினி, மறுநாள் ஒரு துறை, பிறகு மற்றவை என்று அலை அலையாகப் போடு. வெள்ளிக்கிழமை மாலை எதையும் தொடாதே.

6. கருவிகளைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். எந்தக் கருவியைப் பார்த்தாலும் நான் கேட்பது ஒரே கேள்வி: நீ லீவில் இருக்கும் நாளில் அது நின்றுபோனால், அடுத்தவரால் எழுப்ப முடியுமா?

எளியதில் தொடங்கு. எஸ்எஸ்ஹெச், ஆர்சிங்க், கிரான், விஐ ஆகிய நான்கும் உன் வயதைவிட மூத்தவை, நீ ஓய்வு பெறும்போதும் இருக்கும். அமைப்புக் கோப்புகளை கிட்டில் வைத்தால் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பது தெரியும். பத்து சர்வருக்கு மேல் வந்தால் ஆன்சிபிள் பழகு. நீ எழுதியதை அடுத்தவர் படித்துப் புரிந்துகொள்ளலாம் என்பதே அதன் பெரிய பலம். கண்காணிப்புக்கு ஜாபிக்ஸ் போதும். ஐந்து சர்வர் இருக்கும் கல்லூரியில் குபர்நெட்டிஸ் வேண்டாம். பெரிய கம்பெனிக்காரன் வைத்திருக்கிறான் என்பது காரணமாகாது.

கருவியின் முதலாளி மாறுவான், விலையும் மாறும். சென்டாஸ் 8-க்கு 2029 வரை ஆதரவு என்று நம்பிப் பலர் போட்டார்கள். 2021 இறுதியோடு முடிகிறது என்று 2020 டிசம்பரில் அறிவித்துவிட்டார்கள். விஎம்வேரை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது, ஒருமுறை காசு கொடுத்து வாங்கும் உரிமம் நின்றது, சந்தா மட்டும் மிஞ்சியது. சின்ன அலுவலகங்கள் பல பிராக்ஸ்மாக்ஸுக்கு நகர்ந்தன. அதனால் எதை வாங்கும் முன்னும் வெளியேறும் வழியைப் பார். தரவை எந்த வடிவத்தில் திரும்பத் தருவார்கள் என்பதை எழுத்தில் கேள்.

திறந்த மூல மென்பொருள் நமக்குப் புதிதில்லை. 2011-இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப்பில், விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அதை அப்போது திறந்து பார்த்த பிள்ளைகளில் சிலர் இன்று நல்ல அட்மின்களாக இருக்கிறார்கள். வீட்டில் அப்படியொரு பழைய லேப்டாப் கிடந்தால் அதுவே உன் ஆய்வகம். நிறுவு, உடை, மறுபடி நிறுவு.

7. எல்லா சர்வர் கடிகாரமும் ஒரே நேரம் காட்ட வேண்டும். லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், ஊடுருவல் தெரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவு. யாருக்கு, எந்த முகவரிக்கு என்பதை இன்றே எழுதிச் சுவரில் ஒட்டு.

8. "சிஸ்டம் வேலை செய்யல சார்" என்று வருகிற எழுத்தரம்மாவிடம் எரிந்து விழாதே. அவருக்கு முன்னால் வரிசையில் ஐம்பது பேர் நிற்கிறார்கள், திட்டு வாங்குவது அவர். "கடைசியா திரையில என்ன வந்துச்சும்மா?" என்று கேள். ஒரு முறை எழுந்து போய் அவர் பின்னால் நின்று பத்து நிமிடம் பார். டிக்கெட்டில் எழுதாத பத்து குறைகள் கண்ணில் படும். நீ மரியாதையாகப் பேசினால், சந்தேகமான மின்னஞ்சலைத் திறக்கும் முன் அவரே உன்னிடம் வந்து கேட்பார். எந்தப் பாதுகாப்பு மென்பொருளும் இதற்கு ஈடாகாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதிகாரி பாஸ்வேர்டு கேட்டால் மட்டும் பணிவாக மறுத்து, அவர் பெயரிலேயே ஒரு கணக்கு திறந்து கொடு.

9. சின்ன மாற்றத்தை அலட்சியம் செய்யாதே. 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து ஏன் என்று தோண்டினார். எக்ஸ்இசட் என்ற சிறு மென்பொருளுக்குள் யாரோ வேண்டுமென்றே வைத்த பின்கதவு வெளிவந்தது. பெரிய லினக்ஸ் பதிப்புகளின் நிலையான வெளியீடுகளுக்குள் போகும் முன் அது நின்றது.

10. என்ன உடைந்தால் என்ன செய்வது என்று ஒரு கையேடு எழுது, தமிழில். கட்டளைகள் கட்டளைகளாகவே இருக்கட்டும். ஏன் செய்கிறோம், எந்த வரிசையில், எதைத் தொடக்கூடாது என்பதை நம் பேச்சில் எழுது. உன் இடத்துக்கு வரப்போகிற பிள்ளையைக் கையேட்டோடு உட்காரவைத்து, நீ வாய் திறக்காமல், ஒரு சர்வரை எழுப்பச் சொல். எங்கே தயங்குகிறதோ அந்த வரியைத் திருத்து. வேலையை விட்டுப் போகும் நாளில் உன் கணக்குகளை நீயே மூடி, எச்சரிக்கை போகும் பட்டியலில் உன் எண்ணை நீக்கி, அலமாரிச் சாவியைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படை.