கண்ணாடிக் கதவுக்குத் திரை: வீட்டுத் தையலுக்கு உப்புவெளியில் ஒரு சந்தை

திருகோணமலை நகருக்கு வடக்கே நிலாவெளி வீதியில் சில கிலோமீற்றர் போனால் உப்புவெளி. 2009ஆம் ஆண்டு யுத்தம் முடிந்த பின்னர் இக்கரையோரத்தில் விருந்தினர் விடுதிகள் பெருகின. கடல் தெரிய வேண்டும் என்பதற்காகப் பல அறைகளுக்குப் பலகைக் கதவை விட்டுக் கண்ணாடிக் கதவு போடுகிறார்கள். கண்ணாடி போட்டவருக்குத் திரை கட்டாயம் தேவை. கொழும்பிலிருந்து ஆயத்தத் திரை வாங்கி வந்தால் அளவு பொருந்துவதில்லை. வீட்டில் தையல் இயந்திரம் வைத்திருக்கும் குடும்பங்களும் சிறு புடைவைக் கடைக்காரர்களும் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

முன்பு கிண்ணியாவிலிருந்து பாதையில் ஏறி இறங்கித்தான் நகருக்குப் பொருள் வர வேண்டும். 2009 ஒக்டோபரில் பாலம் திறக்கப்பட்டதிலிருந்து காலையில் அளவெடுத்துவிட்டு மதியத்துக்குள் வீடு திரும்பலாம்.

யன்னல் திரை தைக்கத் தெரிந்தவர்கள் கதவுத் திரையையும் அப்படியே தைத்துவிடுகிறார்கள். அது சரிவராது. யன்னல் திரை மேலிருந்து தொங்கினால் போதும். கதவோ அசைவது. தொங்கவிட்ட திரை கடற்காற்றில் பறந்து, கைபிடியில் மாட்டி, கீல் இடுக்கில் நசிந்து கிழியும். எனவே கண்ணாடிக்கு மேலே ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி என இரண்டையும் கதவிலேயே பொருத்தி, துணியை இரண்டுக்கும் நடுவே இழுத்து நிறுத்த வேண்டும். பிளாஸ்டிக் உறையிட்ட ஸ்பிரிங் கம்பி இதற்குப் போதும். அளவைவிட ஓர் அங்குலம் குறைவாக வெட்டி இழுத்து மாட்டினால் தொய்யாது. கொக்கிகள் துருப்பிடிக்காதவையாக இருக்கட்டும். உப்புக்காற்றில் சாதாரண இரும்புக் கொக்கி விரைவில் துருவேறும். துணியில் பட்ட துருக்கறை சலவையில் போகாது.

அளவுக்கு வருவோம். கண்ணாடி 21 அங்குல அகலம், 60 அங்குல உயரம் என்று வையுங்கள். இரு பக்கமும் ஓர் அங்குலம் கூடுதலாக மறைத்தால் 23 அங்குலம். சுருக்கு அழகாக விழ அதன் இரு மடங்கு, அதாவது 46 அங்குலம். ஓரம் மடிக்கப் பக்கத்துக்கு ஓர் அங்குலம் சேர்த்தால் 48. ஆக, 48 அங்குல அகலத் துணியில் ஒட்டுப்போடாமல் ஒரு கதவிலை முடிந்துவிடும். உயரத்தில், கண்ணாடிக்கு மேலும் கீழும் இரண்டு அங்குலம் தள்ளிக் கம்பி வரும். கம்பிக்குக் கம்பி 64 அங்குலம். ஒவ்வொரு முனைக்கும் நாலு அங்குலம் கூட்டவும்: கம்பியைத் தாண்டி நிற்க ஒன்றரை, உள்ளே மடித்துக் கம்பி நுழையும் குழாய் தைக்க இரண்டரை. மொத்தம் 72 அங்குலம். பருத்தி முதற்சலவையில் சுருங்கும் என்பதால் இரண்டு மீற்றர் எடுத்து, நனைத்து உலர்த்தி, அதன் பிறகே வெட்ட வேண்டும். நனைக்காமல் தைத்தவரின் திரை, விடுதிக்காரர் ஒரு தடவை துவைத்ததும் கம்பியை எட்டாமல் நிற்கும். அடுத்த ஓடர் அத்தோடு போயிற்று.

துணிக்கு மருதமுனைக் கைத்தறியை விசாரித்துப் பாருங்கள். சாரத்துக்குப் பெயர்போன அவ்வூர்த் தறிகளின் கோடிட்ட துணியை வெளிநாட்டுப் பயணிகளும் விரும்புவர். நிறம் தெரிவதில் அவதானம் தேவை. உப்புவெளிக் கடல் கிழக்கு நோக்கியது. காலை வெயில் நேராகக் கண்ணாடியில் விழும். கடும் நிறங்கள் வெளிறும். கண்ணாடிப் பக்கம் வெள்ளை உட்துணி கொடுத்தால் நிறம் நிலைக்கும். மெல்லிய துணியென்றால் இரவில் அறைக்குள் விளக்கைப் போட்டு வெளியே நின்று பார்க்கவும். பகலில் மறைக்கும் துணி இரவில் உள்ளிருப்பவரைக் காட்டிக்கொடுக்கும். குடும்பத்தோடு தங்க வருபவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்.

இனிப் பணம். எட்டு அறை, அறைக்கு இரண்டு கதவிலை என்றால் 32 மீற்றர் துணி. மீற்றர் கணக்கில் விலை சொல்லாமல், பொருத்திய ஒரு கதவிலைக்கு இவ்வளவு என்று சொல்லுங்கள். துணி, உட்துணி, நூல், கம்பி, கொக்கி, போக்குவரத்து, வீட்டில் தைப்பவரின் கூலி எல்லாம் அதில் அடங்க வேண்டும். மனைவி தைத்தால் கூலி எழுதாமல் விடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது இலாபமல்ல, எழுதப்படாத செலவு.

விலைக்கூற்றுக்கு ஒரு வாரத் தவணை போடுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதம் 350ஐத் தாண்டியது. பழைய விலைக்கு ஒப்புக்கொண்டவர்கள் இறக்குமதித் துணியைக் கைநட்டத்துக்கே வாங்க வேண்டியிருந்தது.

முற்பணம் துணிச் செலவு முழுவதையும் ஈடுசெய்ய வேண்டும். ஒரு கதவின் அளவுக்கு வெட்டிய துணியை வேறெவருக்கும் விற்க முடியாது. விடுதிக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பின்னரும், 2020 கொரோனாவிலும், 2022 எரிபொருள் தட்டுப்பாட்டிலும் அவருடைய அறைகளே காலியாகக் கிடந்தன. மீதியைத் திரை பொருத்தும் அன்றே பெற்றுக்கொள்வதென்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

கிழக்குக் கரையின் பருவம் ஏறக்குறைய ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை. அறைகளைத் திருத்துவது அதற்கு முன்னர். எனவே மாதிரித் திரை ஒன்றைத் தைத்து எடுத்துக்கொண்டு, ஜனவரி கடைசியிலேயே விடுதிகளுக்குப் போய்வாருங்கள்; அளவு நாடாவையும் மறக்க வேண்டாம்.