மெக்சிகோ விருந்தும் சுண்ணாம்பு நீரும்

விருந்து என்பது உணவு மட்டுமன்று. ஒரு மக்களின் அறிவும் அதில் பரிமாறப்படுகிறது. மெக்சிகோ நாட்டு வீட்டு விருந்தைக் கொண்டு இக்கருத்தைச் சற்று ஆராய்வோம்.

தமால் விருந்து

ஜனவரி 6ஆம் நாள், மூன்று அரசர் திருநாளன்று, மெக்சிகோக் குடும்பத்தார் ஒன்றுகூடி வளைய வடிவான ரொட்டியை வெட்டுவர். அதனுள் சிறு குழந்தைப் பொம்மை மறைத்து வைக்கப்பட்டிருக்கும். அது யாருடைய துண்டில் அகப்படுகிறதோ, அவர் பிப்ரவரி 2ஆம் நாள் மற்றவர்க்குத் 'தமால்' விருந்து அளித்தல் வேண்டும் என்பது வழக்கம். மக்காச்சோள மாவைக் கதிரின் மடலில் பொதிந்து ஆவியில் வேகவைத்த பண்டமே தமால். அன்றாட உணவாகிய 'தோர்த்தியா' ரொட்டியும் அம்மாவினால் ஆனதே.

மாவும் வேதியியலும்

மணிகளை அப்படியே அரைத்தால் அம்மாவு கிடைக்காது. முதல் நாளே சுண்ணாம்பு நீரில் மணிகளை வேகவைத்து, இரவு முழுதும் ஊறவிட்டு, மறுநாள் நன்கு கழுவி அரைப்பர். வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பும் இதுவும் ஒன்றே. வேதியியலில் இது கால்சியம் ஹைட்ராக்சைடு. இக்காரம் மணியின் தோலைப் பிணைக்கும் பொருளைக் கரைக்கிறது, தோல் கழல்கிறது. மாவு ஒட்டும் தன்மை பெறுகிறது, கால்சியமும் கூடுகிறது. அனைத்திலும் மேலாக, உடல் ஏற்க இயலாதவாறு கட்டுண்டிருக்கும் நயாசின் என்னும் வைட்டமின் விடுபடுகிறது.

விட்டுப்போன பாடம்

கொலம்பசின் 1492ஆம் ஆண்டுப் பயணத்திற்குப் பின் மக்காச்சோளம் ஐரோப்பா சென்றது. சுண்ணாம்பு முறை உடன் செல்லவில்லை. சோளத்தையே பெரிதும் நம்பிய ஏழைகளைத் தோல் வெடிப்பும் வயிற்றுப்போக்கும் சித்தக் கலக்கமும் வாட்டின. அந்நோயை ஸ்பெயினில் 1735இல் காசால் என்னும் மருத்துவர் கண்டு விவரித்தார். பின்னர் அது 'பெல்லாக்ரா' எனப் பெயர் பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் பல்லாயிரவரை அது மாய்த்தது. தொற்றுநோய் எனப் பலர் கருதியிருந்தபோது, குறையுணவே காரணம் என்று 1915இல் கோல்ட்பெர்கர் சோதனையால் காட்டினார். நாய்களுக்கு வரும் இதையொத்த நோயை நிக்கோட்டினிக் அமிலம், அதாவது நயாசின், தீர்ப்பதை 1937இல் எல்வெஜெம் கண்டறிந்தார். சுண்ணாம்பு முறையையும் அவரை உணவையும் கைவிடாத மெக்சிகோ மக்களிடையே இந்நோய் அரிதாகவே இருந்தது.

முடிவுரை

மெக்சிகோவின் மரபுச் சமையலை யுனெஸ்கோ 2010இல் மனித குலத்தின் பண்பாட்டு மரபாக ஏற்றது. இன்று பிற நாட்டினரும் அகன்ற தொப்பி அணிந்து, வண்ணத் தாள் தோரணம் கட்டி, வீடுகளில் மெக்சிகோ விருந்து நடத்துகின்றனர். அதில் தவறில்லை. ஆயினும் அவ்விருந்தின் உயிர் தொப்பியில் இல்லை; முதல் நாள் இரவு அடுப்படியில் ஊறும் சோளத்தில் இருக்கிறது. எழுத்தறியாத தாய்மார் தலைமுறை தலைமுறையாகக் காத்த அம்முறைக்கு விஞ்ஞானம் விளக்கம் காணப் பல நூற்றாண்டுகள் ஆயின. பிறர் நாட்டு விதையை ஏற்கும்போது அவர்தம் கைமுறையையும் கேட்டறிதல் நம் கடன். கேளாதவர் கொடுத்த விலை உயிர்.