எண்ணூருக்கு வத்தத்தில் போங்கள்

பறவை பார்க்கப் புதிதாகக் கிளம்புகிறவருக்கு எல்லோரும் சொல்லித்தரும் முதல் பாடம், விடியுமுன் போய் நிற்க வேண்டும் என்பது. ஏரிக்கும் காட்டுக்கும் அது சரி. எண்ணூர் கழிமுகத்துக்குப் பொருந்தாது. மூத்தவர்கள் பேச்சை நம்பி, ராயபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் போய், கரை முட்ட நின்ற தண்ணீரை மட்டும் பார்த்துத் திரும்பிய காலைகளை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. வலசைப் பறவைகள் வரும் ஒரு பருவமே அதில் போயிற்று. ‘எண்ணூரில் என்ன இருக்கிறது, சாம்பலும் எண்ணெயும்தானே’ என்று அவர்கள் சொல்வதும், நேரம் கெட்டு வந்து பார்த்ததால்தான்.

முகத்துவாரக்குப்பத்தில் வலை உதறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர்தான் சொன்னார்: “ஏத்தத்துல வந்தா கொக்கு எங்க தம்பி நிக்கும்? வத்தத்துல வா.”

கொசஸ்தலையாறும் பக்கிங்ஹாம் கால்வாயும் கடலைச் சந்திக்கிற இடம் இது. கடல் ஏறினால் சேற்றுத் திட்டுகள் மூழ்கிவிடும். வற்றினால்தான் புழுவும் சிறு நண்டும் எட்டும். பவளக்காலிகளும் நெடுங்கால் உள்ளான்களும் இறங்குவது அதற்காகத்தான். வத்தம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இந்த ஞாயிறு காலை 6 மணிக்கு வற்றினால், அடுத்த ஞாயிறு உச்சிவெயிலில் வற்றும். அந்த வெயிலில் போங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் நன்றாக வற்றும்.

பைனாகுலர், தொப்பி, தண்ணீர் எல்லாம் உங்களுக்கே தெரியும். கேமரா வேண்டாம். துறைமுகம், அனல்மின் நிலையம் பக்கம் லென்ஸ் திரும்பினாலே காவலாளி வந்து படத்தை அழிக்கச் சொல்வார். படமில்லாத பதிவு பதிவே அல்ல என்று என் பட்டியலைத் தள்ளியவர்கள் இந்தப் பக்கம் ஒருநாள் நின்று பார்க்கட்டும். ஆங்கிலேயர் காலத்தில் ஜெர்டன் போன்ற மதராஸ் இயற்கையாளர்கள் பறவையைச் சுட்டு, தோலுரித்துச் சேகரித்தார்கள். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு நம்மைப் போன்றவர்கள் சேகரிக்கக்கூடியது குறிப்புகளைத்தான். கால் நிறம், அலகின் வளைவு, எண்ணிக்கை, தண்ணீர் எவ்வளவு வற்றியிருந்தது என்பதையெல்லாம் நின்ற இடத்திலேயே எழுதுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து கூழைக்கடாக்களின் இறகில் ஒட்டியபோது, முன்பு இங்கே என்னென்ன இருந்தன என்று கேட்டவர்களுக்குக் காட்ட என்னிடம் நோட்டு இருந்தது.

ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு வந்தால் எல்லோரும் வேடந்தாங்கலுக்கும் பள்ளிக்கரணைக்கும் வண்டியை விடுகிறார்கள். அங்கே எண்ண ஆள் இருக்கிறது. வடசென்னைக்காரர்களே, நீங்களாவது எண்ணூருக்கு வாருங்கள்.