மரையும் மஞ்சள் கோடும்



உங்கள் கடிதம் கிடைத்தது. செம்பரம்பாக்கத்திலிருந்து ஒரகடத்துக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போய்வரும் பைக்கில் ஆக்ஸிஜன் சென்சார் இரண்டாம் முறையாகக் கழன்றுவிட்டது, இந்தத் தடவை சிலிக்கோன் பேஸ்ட் வைத்து இறுக்கிவிடலாம் என்று மெக்கானிக் சொல்கிறார், செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். சூட்டில் கிளம்பும் சிலிக்கோன் ஆவி சென்சாரின் முனையில் படிந்து அதைச் சாகடித்துவிடும். மரையில் போடும் சாதாரண லாக் திரவமும் அந்தச் சூட்டில் நிற்காது.

1976-ல் பாஷ் நிறுவனம் செய்து, வோல்வோ காரில் முதலில் வந்த பொருள் இந்த சென்சார். நம் பைக்குகளில் புகை வெளியேறும் பெண்ட் பைப்புக்கு இது பரவலாக வந்தது 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி அமலான பிறகுதான். உள்ளே இருப்பது சிர்கோனியா பீங்கான். கீழே போட்டால் உடையும். புகையில் ஆக்ஸிஜன் மிஞ்சினால் 0.1 வோல்ட் பக்கம், குறைந்தால் 0.9 வோல்ட் பக்கம் காட்டும். அதைப் பார்த்துத்தான் என்ஜினின் கணினியான இ.சி.யு. பெட்ரோலை அளக்கிறது. சென்சார் லூஸாக இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபடும். பெட்ரோல் போதவில்லை என்று நினைத்து இ.சி.யு. கூடுதலாக ஊற்றும். நீங்கள் எழுதியிருந்தபடி பிளக் கருத்ததும் மைலேஜ் இறங்கியதும் இதனால்தான் இருக்க வேண்டும்.

ஏன் கழல்கிறது? தினமும் கடுமையாகச் சூடாகி ஆறுகிற பைப் விரிந்து சுருங்குகிறது. கூடவே என்ஜின் அதிர்வு, லாரிகள் குழிபறித்த சாலை. ஆனால் இவை எல்லா வண்டிக்கும் உண்டு, எல்லாமே கழல்வதில்லை. உங்கள் வண்டியில் நான் சந்தேகப்படுவது இரண்டை. ஒன்று, வாஷர். முதல்முறை இறுக்கும்போது அது நசுங்கித்தான் பிடிப்புக் கொடுக்கிறது. ஏற்கெனவே தட்டையாகிப்போனதையே திரும்பப் போட்டால் பிடிப்பு எங்கிருந்து வரும்? இன்னொன்று, வயர். இதைப் பலரும் கவனிப்பதில்லை. வயரை இணைக்கும் கப்ளரைக் கழற்றாமல் சென்சாரைத் திருகினால் வயரும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய வயர் தன் முறுக்கை விடப் பார்க்கும். அது இழுக்கும் திசை, சென்சார் கழலும் திசை. என்ஜின் ஆடும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஆகவே முதலில் கப்ளரைப் பிரியுங்கள். மரை சுத்தமாக இருக்கிறதா பாருங்கள். பைப்பில் இருக்கும் மரை தேய்ந்திருந்தால் என்ன செய்தாலும் நிற்காது, அதைத்தான் சரிசெய்ய வேண்டும். புது வாஷர் போடுங்கள். புது சென்சார் என்றால் மரை ஒட்டிப்போகாமலிருக்கப் பெரும்பாலும் பசை தடவியே வரும், அதைத் துடைக்காதீர்கள். கையால் முழுக்கத் திருகிவிட்டு, பிறகு டார்க் ரெஞ்ச். கார்களில் வரும் 18 மி.மீ. மரைக்குப் பொதுவாக 40 முதல் 60 நியூட்டன் மீட்டர். பைக்கின் சிறிய மரைக்கு அந்த அளவு போட்டால் மரை போய்விடும். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும் எண்ணைத் தவிர வேறு எதையும் நம்பாதீர்கள், நான் சொல்வதையும்கூட. கடைசியாகக் கப்ளரை மாட்டி, வயரைத் தளர்வாக விட்டு, பைப்பில் படாமல் கிளிப் போடுங்கள்.

இனி நீங்கள் அறிந்த விஷயம். வண்டித் தொழிற்சாலையின் அசெம்ப்ளி லைனில் ஒரு போல்ட்டை டார்க் வைத்து முடித்ததும் அதன் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை மார்க்கரில் ஒரு கோடு இழுப்பீர்களே, அதே கோட்டை இங்கேயும் போடுங்கள். சூடு தாங்கும் பெயின்ட் மார்க்கர் வேண்டும். மஞ்சள் என்றால் பளிச்சென்று தெரியும். இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் யாரோ ஓட்டப்போகும் வண்டிகளுக்கு நாள்தோறும் கிடைக்கிற அந்தக் கவனம் உங்கள் சொந்த வண்டிக்கும் கிடைக்கட்டும்.

வாரத்துக்கு ஒருமுறை, வண்டியை எடுக்கும் முன் குனிந்து பாருங்கள். கோடு நேராக இருந்தால் கிளம்பலாம். விலகியிருந்தாலோ, அடியில் கரி படிந்திருந்தாலோ அன்றைக்கே கழற்றிப் பாருங்கள். பைப் நன்றாக ஆறிய பிறகு மட்டும்.