பழைய காரும் புதிய ஏமாற்றும்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆதலால் எந்தக் காகிதம் வந்தாலும், கைப்பேசியில் எது வந்தாலும், "நீதாம்பா படிச்சவன், பாத்துச் சொல்லு" என்று என்னிடம் நீட்டுவார்கள். சென்ற ஆண்டு என் தாய்மாமன் நீட்டியது, இணையத்தில் வந்திருந்த ஒரு கார் விளம்பரம். "நல்லாத்தான் இருக்கு மாமா" என்றேன். அந்தச் சொல்லுக்கு அவர் 22,000 ரூபாய் கொடுத்தார். நண்பர்களும் அவ்வாறு சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கார், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961 முதல் 1971 வரை தயாரித்தது. மாமா சிறுவனாயிருந்தபோது ஆம்பூரில் தோல் மண்டி முதலாளி ஒருவர் அதில் வந்து இறங்குவாராம். ஷூ கம்பெனியில் ஓய்வு பெற்ற பணத்தில் அதையே வாங்க ஆசைப்பட்டார்.

"1962 மாடல், நான்கு கதவு" என்றது விளம்பரம். நம் நாட்டு ஹெரால்டுக்குப் பின்கதவுகள் வந்ததோ 1960களின் பிற்பகுதியில்தான். படத்தில் ஸ்டீயரிங் இடப்பக்கம் இருந்தது. அது ஏதோ அயல்நாட்டு வண்டியின் படம்! ஐம்பது ஆண்டு கடந்து மூல வடிவம் மாறாத வண்டிகளுக்கு "வி.ஏ." எழுத்துகளுடன் தனிப் பதிவு தரும் விதி 2021இல் வந்தது. "அந்த நம்பர் வாங்கித் தருகிறேன், தினமும் ஓட்டலாம்" என்றான் விற்றவன். அப்பதிவு பெற்ற வண்டியை அன்றாடம் ஓட்ட அனுமதியே இல்லை. இவ்வளவும் நான் பின்னால் தேடிப் படித்தவை.

அன்று நாங்கள் காரைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தோம். ராணுவ வீரன் என்றான், மாற்றலாகிப் போவதால் மலிவாக விற்பதாகச் சொன்னான். சீருடைப் படம், ஆதார், கேன்டீன் அட்டை எல்லாம் அனுப்பினான். இந்த வேடத்தைப் பற்றிப் பல மாநிலக் காவல்துறையினர் எச்சரித்திருக்கின்றனர். அட்டைகள் பெரும்பாலும் வேறு யாருடையனவோ. ஆனால் கம்மவான்பேட்டை போல ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் உள்ள மாவட்டம் நம்முடையது. சீருடையைச் சந்தேகிக்க மாமாவுக்கு மனம் வரவில்லை.

முதலில் "கேட் பாஸ்" 2,000. பிறகு லாரி வாடகை 20,000. ஐந்தாம் நாள், பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி ஒரு க்யூஆர் கோடு வந்தது. ஸ்கேன் செய்து பின் எண் போடச் சொன்னான். மாமா என்னிடம் ஓடி வந்தார். யு.பி.ஐ.யில் பணம் பெறுவதற்குப் பின் எண் வேண்டியதே இல்லை. போட்டிருந்தால் மீதியும் போயிருக்கும்.

எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "வண்டியைத் தொடாம பைசா கொடுப்பாங்களா?" என்று கடிந்துகொண்டார். வண்டி நிற்கும் இடத்துக்கே போய், சேசிஸ் எண்ணின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்து, அசல் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும் என்றார். வண்டியே இல்லாதவன் தேய்க்க எதைக் காட்டுவான்?

1930 என்ற எண்ணுக்கு உடனே அழைத்தால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வழியுண்டு. மாமா வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாதிருந்ததால் நாங்கள் அழைத்ததும் ஐந்தாம் நாள்தான். புகார் எண் தந்திருக்கிறார்கள். மாதம் ஒருமுறை அதைப் போட்டுப் பார்க்கச் சொல்லி, கைப்பேசியை இப்போதும் என்னிடம்தான் நீட்டுகிறார்.