அலாஸ்கா யாத்திரை: கடலும் கானகமும்

வட அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள அலாஸ்காவைக் காண விரும்புவோர் கடல்வழியையும் தரைவழியையும் இணைத்தே செல்லுதல் வேண்டும். தலைநகராகிய ஜூனோவுக்கு வெளியூர்களினின்று சாலை இல்லை. கப்பலோ விமானமோதான் கதி. கிளேசியர் விரிகுடாவில் பனியாறுகள் இடிந்து கடலில் வீழும் காட்சியும் கப்பல் தளத்தினின்றே நன்கு புலனாகும்.

உள்நாட்டின் மாட்சி வேறு. சீவார்டுத் துறைமுகத்தினின்று ஃபேர்பாங்க்ஸ் வரை 470 மைல் செல்லும் இருப்புப்பாதை 1923-இல் நிறைவெய்தியது. அதன் வழியிலுள்ளது டெனாலி தேசியப் பூங்கா. கோடையில் அங்கே சொந்த வண்டிகள் முதல் 15 மைல் மட்டுமே செல்லலாம். அப்பால் பேருந்தே துணை.

இனி, எதற்கு எத்தனை நாள்? மே முதல் செப்டம்பர் வரை ஓடும் உல்லாசக் கப்பல்கள் குறித்த நாளில் வரும். மலையோ குறித்த நாளில் தோன்றாது. டெனாலி என்றும் மக்கின்லி என்றும் வழங்கும் 20,310 அடிச் சிகரம் கோடையிற் பெரும்பாலும் முகிலுள் மறைந்திருக்கும். ஒருநாள் மட்டும் தங்குவோர் பலர் அதனைக் காணாமலே மீள்வர். ஆதலின் பூங்காவுக்கு மூன்று நாளேனும் ஒதுக்குக.

தரையை முன்னும் கடலைப் பின்னும் வைத்தல் நன்று. அலைந்த உடலுக்குக் கப்பல் ஓய்வளிக்கும். ஆயினும் அஃது எவர்க்கும் காத்திராது; ஒருநாள் முன்னரே துறைமுகம் சேர்க. பொருள் போதாதாயின் கப்பலறையின் வசதியைக் குறைக்க; மலையடியில் தங்கும் நாளைக் குறையற்க.